லீவ் லெட்டரில் எப்போதும் காய்ச்சல்தானா?

நன்னிலம்_டீச்சர்

வணக்கம். நன்னிலம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் நான். அரையாண்டுத் தேர்வு முடிந்து மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது, ஜூனிலிருந்து சேர்ந்திருந்த லீவ் லெட்டர்களை ஒன்றாக வைத்துப் படித்தேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றிலும் ஒரே காரணம். "எனக்குக் கடுமையான காய்ச்சல் காரணமாகப் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆகவே ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." ஊரில் நிஜமாகவே இவ்வளவு காய்ச்சல் அடித்திருந்தால் சுகாதாரத் துறை முகாம் போட்டிருக்கும்.

குறுவை அறுப்பு நேரத்தில் ஒரு பையன் இப்படிக் காய்ச்சல் லெட்டரோடு வந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. ஆனால் இரண்டு கையும் முழங்கை வரை சிவந்து தடித்திருந்தன. எழுதும்போதும் சொறிந்துகொண்டே இருந்தான். நெல் சுணை. முந்தின நாள் முழுக்கக் களத்தில் சாக்குப் பிடித்திருக்கிறான். லெட்டரில் அப்பா கையெழுத்து இருந்தது, அதையும் அவனே போட்டிருந்தான்.

எனக்கு இதில் கோபம் இல்லை. கவலை வேறு. காய்ச்சல் என்று எழுதினால் நான் செய்ய எதுவும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவேன். வருகைப் பதிவுச் செயலியில் வந்தவர், வராதவர் என்று போட்டால் அன்றைய கணக்கும் முடிந்தது. களத்து வேலை என்று தெரிந்தால் அவன் அப்பாவிடம் பேசலாம், குறைந்தபட்சம் அன்று நடத்திய கணக்கையாவது மறுபடி சொல்லிக்கொடுக்கலாம்.

மாதம் இரண்டு நாள் லீவு என்பது யார் கண்ணையும் உறுத்தாது. பத்து மாதத்தில் அது 20 நாள். கல்வி உரிமைச் சட்டம் ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கு 200 வேலை நாள், ஆறிலிருந்து எட்டு வரைக்கு 220 என்கிறது. ஆக, கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போயிற்று. அமெரிக்காவில் பத்தில் ஒரு பங்கு நாள் வராத பிள்ளைகளைத் தனியாகவே கணக்கெடுக்கிறார்கள். லெட்டர் கொடுத்தார்களா இல்லையா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது, வராத நாள் வராத நாள்தான்.

பிள்ளை வராத அன்றைக்கு உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு யார் சொல்கிறீர்கள், எப்போது சொல்கிறீர்கள்? நிஜக் காரணத்தைச் சொல்ல எது தடுக்கிறது? யாரையும் திட்ட மாட்டேன், தாராளமாக எழுதுங்கள்.

கோரையாற்றுக்காரி

டீச்சர், நீங்கள் திட்ட மாட்டீர்கள். எல்லா டீச்சரும் அப்படியா?

நடவு நேரத்தில் விடிவதற்குள் கிளம்பிவிடுவோம். சின்னவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அங்கன்வாடியிலும் விட முடியாது. பெரியவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை அவள் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு போனாள். அதை வகுப்பில் எல்லார் முன்னாலும் படித்துக் காட்டி, "உங்க அம்மாவுக்குக் கூலிதான் முக்கியமா?" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அழுதாள். அடுத்த முறை நானே சொன்னேன், காய்ச்சல் என்று எழுதிக்கொடு, பிரச்சினையே இல்லை என்று.

இன்னொன்று. இந்தக் காய்ச்சல் லெட்டரைச் சொல்லிக்கொடுத்ததே பள்ளிக்கூடம்தான். தமிழ்ப் பாடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்வீர்கள். உதாரணத்துக்குக் கொடுப்பது காய்ச்சல். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், மார்க்கும் வாங்குகிறார்கள். அதையே வெளியிலும் எழுதுகிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன?

குட்டிக்கரணம்

எங்கள் காலத்தில் பாட்டி செத்துப்போனதாக எழுதுவோம். ஒரே பாட்டி, மூன்று தடவை.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

அந்த அம்மா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஒரத்தநாடு வட்டாரத்தில் பல வருஷம் தலைமையாசிரியராக இருந்தவன் நான். உண்மை எழுதின பிள்ளையை வகுப்பில் நிறுத்திக் கேட்டால், அந்த ஒரு பிள்ளையோடு போகாது. பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகளும் அன்றிலிருந்து காய்ச்சல்காரர்கள் ஆகிவிடுவார்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமா தடுக்கிறது? மனத்தை நோகடிப்பதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. பெயரை அடித்துவிடுவேன் என்று சில இடங்களில் மிரட்டுவார்கள். எட்டாவது முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது, அது 16ஆம் பிரிவு.

அதே சட்டம் ஆசிரியருக்கு ஒரு கடமையும் வைத்திருக்கிறது. 24ஆம் பிரிவு. பெற்றோரை அடிக்கடி கூட்டி, பிள்ளை ஒழுங்காக வருகிறதா, எப்படிப் படிக்கிறது என்று சொல்ல வேண்டும். நடைமுறையில் அந்தக் கூட்டம் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது.

நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன், பிரயோஜனப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேடு தவிர என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். வராத பிள்ளை பெயருக்கு நேரே நிஜக் காரணத்தை ஒரே வார்த்தையில் எழுதுவேன். லெட்டரில் உள்ளதை எழுத மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை இடைவேளையில் சொல்வதைத்தான் எழுதுவேன். "தம்பி", "களம்", "பஸ்", "சண்டை", "துணி" இப்படி. துணி என்றால் சீருடை காயவில்லை என்று அர்த்தம். ஐப்பசி கார்த்திகையில் அது நிறைய வரும். அந்த மாதங்களில் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கலர் டிரஸ்ஸில் வரலாம் என்று சொல்லிவிட்டேன். "துணி" நோட்டிலிருந்து போயே போய்விட்டது. ஒரு பைசா செலவில்லை.

மாத வாரியாகப் பார்த்தால் அந்த நோட்டு பஞ்சாங்கம் மாதிரி இருக்கும். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் அடுத்து நாற்று, நடவு. அம்மாக்கள் வேலைக்குப் போவார்கள், பெரிய பெண் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். 2024 மாதிரி தண்ணீர் ஜூலைக் கடைசிக்குத் தள்ளிப்போனால் அந்த லீவும் சேர்ந்து தள்ளிப்போகும். புரட்டாசி ஐப்பசியில் குறுவை அறுப்பு. தை மாசியில் சம்பா, தாளடி. அப்புறம்தான் மோசமான கட்டம், உளுந்து, பயறு எடுக்கிற பங்குனி. முழு ஆண்டுத் தேர்வுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அறுவடை மெஷின் வந்தபிறகு நெல்லில் பிள்ளைகளுக்கு வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. உளுந்துக்கு இன்னும் கைதான்.

மெஷின் வந்து குறைத்த வேலையை அரசு நெல் கொள்முதல் நிலையம் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிட்டது என்பது என் எண்ணம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். காயவைக்க வேண்டும், வரிசை வருகிறவரை குவியலுக்குக் காவல் இருக்க வேண்டும். அப்பா ராத்திரி, பையன் பகல். மேகம் கறுத்தால் தார்ப்பாய் இழுக்க ஆள் வேண்டுமே. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையன்கள் தையில் மூன்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் காணாமல் போனால் முதலில் அங்கே போய்ப் பார்க்கலாம்.

குடந்தை_லெஸ்டர்

கும்பகோணத்துக்காரன், இப்போது இங்கிலாந்தில். இங்கே பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் முதல் நாள் காலையிலேயே பள்ளிக்குப் போன் பண்ணிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர்களே கூப்பிடுவார்கள். காலை, பிற்பகல் என்று ஒரு நாளை இரண்டாகப் பிரித்து எண்ணுவார்கள். பத்துப் பள்ளி வாரங்களுக்குள் இப்படிப் பத்து அரை நாள் அனுமதியில்லாமல் போனால், அதாவது ஐந்து நாள், அபராதத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். 2024 ஆகஸ்ட்டிலிருந்து 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. ஒவ்வொரு பிள்ளைக்கும், அப்பா அம்மா இரண்டு பேருக்கும் தனித்தனியாக வரும். டிக்கெட் சீப்பாக இருக்கிறது என்று பள்ளி நாளில் ஊருக்குக் கிளம்புகிற நம் ஆட்கள் நிறையப் பேர் கட்டியிருக்கிறார்கள். நம் ஊரிலும் இப்படி ஒன்று வைத்தால் என்ன?

கோரையாற்றுக்காரி

அண்ணே, வையுங்கள். நடவுக் கூலி இல்லாமல் வீட்டில் இருந்து அபராதத்தையும் எங்கிருந்து கட்டுவது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

தம்பி, நம் சட்டத்தில் 10ஆம் பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. தண்டனை எதுவும் வைக்கவில்லை. வைக்காததே நல்லது. அபராதம் வந்தால் காய்ச்சல் லெட்டரோடு டாக்டர் சீட்டும் சேர்ந்து வரும், வேறு மாற்றம் இருக்காது. ஆனால் முதல் நாள் காலையிலேயே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பள்ளி கூப்பிடும் என்கிற பாதி இருக்கிறதே, அதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

படுகைக்காரன்

அந்தப் பாதியைப் பற்றி நான் சொல்கிறேன். நான் கொள்ளிடக் கரை.

எங்கள் பக்கம் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் பள்ளிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பையன் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தானா என்பது பெரிய கேள்வி. வீட்டில் அவன் பள்ளியில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பள்ளியில் வீட்டில் இருக்கிறான் என்று நினைப்பார்கள். அவன் மதகில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பான், அல்லது குளித்துக்கொண்டிருப்பான். சாயங்காலம் நாலரை வரை ஒருத்தரும் தேட மாட்டார்கள். சுழல் இருக்கிற இடத்தில் நாலரை என்பது ரொம்பத் தாமதம். நான் பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் இது தெரியாத குடும்பம் கிடையாது.

படிப்பு, மார்க் எல்லாம் அப்புறம். காலை பத்து மணிக்குள் "உங்க பையன் வரலையே, வீட்டில் இருக்கானா?" என்று ஒரு போன் வந்தால் போதும். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை எல்லாப் பள்ளியும் செய்யலாம்.

மழைலீவு_ரசிகன்

நாகை, மயிலாடுதுறைக்கு நாளைக்கு லீவா? யாருக்காவது தெரியுமா?

படுகைக்காரன்

கலெக்டரைக் கேளுங்கள். காலை ஆறரை மணிக்கு டிவியில் கீழே ஓடும்.

சரி, அதையும் எழுதிவிடுகிறேன். மழை லீவு விட்டால் யாருக்கும் ஆப்சென்ட் இல்லை. சனிக்கிழமை வைத்து ஈடுகட்டிவிடுவார்கள். விடாத நாள்தான் கஷ்டம். மயிலாடுதுறையில் பள்ளி நடக்கும், வாசலில் முட்டிவரை தண்ணீர் கிடையாது. கொள்ளிடத்தில் உபரி நீர் திறந்தால் முதலைமேடுதிட்டு, வெள்ளமணல், நாதல்படுகை எல்லாம் முகாமுக்குப் போயிருக்கும். மாவட்டத்துக்கு லீவு இல்லை, எங்கள் பிள்ளைகளுக்கு ஆப்சென்ட். முகாமில் பேர் எழுதுகிற அதிகாரியிடம் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்று ஒரு பட்டியல் எடுத்து அந்தந்த ஹெச்.எம்.க்கு அனுப்பச் சொல்லிக் கேட்டோம். ஒரு முறை செய்தார்கள். அடுத்த முறை அதிகாரி மாறிவிட்டார்.

மட்டுறுத்துநர்

நாளைக்கு லீவா என்று கேட்கும் பதிவுகளை நீக்கிக்கொண்டிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, தயவுசெய்து அங்கே.

கிராம_செவிலியர்

பாபநாசம் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். எல்லாரும் காய்ச்சலைக் கிண்டல் செய்வதால் நிஜக் காய்ச்சலுக்காக நான் பேசுகிறேன்.

நிஜமாகக் காய்ச்சல் இருக்கிற பிள்ளையை பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பதினோரு மணிக்கு மாத்திரை வேகம் இறங்கியதும் பெஞ்சில் தலை வைத்துப் படுத்துவிடும். மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்புங்கள். வெறும் மூக்கு ஒழுகலுக்கு வீட்டில் வைக்க வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் பள்ளிக்கு அனுப்பவே வேண்டாம். கண்வலி பரவுகிற சமயத்தில் பூளை தள்ளிச் சிவந்திருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

அம்மை போட்டால் நம் வீடுகளில் மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே விடுவதில்லை. நல்ல வழக்கம்தான். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியபிறகு தொற்றாது என்பதுதான் மருத்துவக் கணக்கும். ஆனால் மூன்றாம் தண்ணீருக்கு அப்புறமும் "உடம்பு தேறட்டும்" என்று இரண்டு வாரம் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றி, பிள்ளை சாப்பிட்டு விளையாடினால் மறுநாள் பள்ளி.

இன்னொரு வகை இருக்கிறது. திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு வயிறு வலிக்கும். ஒன்பதரைக்கு மேல் வலி இருக்காது. என்னிடம் அழைத்து வந்தால் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் "இன்னைக்கு முதல் பீரியட் என்ன?" என்று கேட்பேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள். பயத்தில் நிஜமாகவே வலிக்கும். எந்தெந்தக் கிழமையில் லீவு விழுகிறது என்று காலண்டரில் வட்டம் போட்டுப் பாருங்கள். ஒரே கிழமையில் விழுந்தால் அன்றைக்குப் பள்ளியில் ஏதோ இருக்கிறது. டெஸ்ட்டோ, ஒரு வாத்தியாரோ, பஸ்ஸில் கூட வருகிற எவனோ.

திருவையாறு_அத்தை

நர்ஸம்மா சொன்ன காலண்டர் வட்டம். எங்கள் வீட்டில் கிழமை இல்லை, தேதி.

அண்ணன் மகள் எட்டாவது. மாதாமாதம் இரண்டு மூன்று நாள் வயிற்று வலி. லெட்டரில் வழக்கம்போலக் காய்ச்சல். ஆண் வாத்தியாரிடம் வேறு என்ன எழுதுவாள்? அண்ணி மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள், அப்போதும் போகவில்லை. நான் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். வலி பொறுத்துக்கொள்வாளாம். பள்ளிக் கழிவறையில் ஒரு கதவுக்குத்தான் தாழ்ப்பாள் இருக்கிறதாம், அதற்கு இடைவேளை முழுக்க வரிசையாம். உள்ளே நாப்கினைப் போட ஒரு வாளி கூடக் கிடையாது. அரசாங்கம் நாப்கின் இலவசமாகத் தருகிறது, மாற்றுவதற்கு இடம் வேண்டாமா?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அண்ணியைப் பேசச் சொன்னேன். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. அண்ணி எழுந்து பேசவே வெட்கப்பட்டாள். பேச ஆரம்பித்ததும் பின்னால் இருந்து நான்கு அம்மாக்கள் "ஆமாம், எங்க பொண்ணும்தான்" என்றார்கள். அவர்கள் எல்லாருமே அதுவரை காய்ச்சல் என்று கையெழுத்துப் போட்டவர்கள். தாழ்ப்பாளும் மூடி போட்ட வாளியும் அந்த மாதமே வந்தன. தண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வயசுக்கு வந்தால் சடங்கு முடிகிறவரை பெண்ணை வீட்டில் வைப்பதையும் சேர்த்துச் சொல்ல நினைத்தேன். அதைப் பேசினால் என்னை ஊரில் சேர்க்க மாட்டார்கள், விடுங்கள்.

மன்னை_மைனர்

என் இரண்டு பேரும் மன்னார்குடியில் தனியார் பள்ளி, சி.பி.எஸ்.இ. ஒன்பதேகாலுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தவுடன் மெசேஜ் வந்துவிடும். போர்டு தேர்வு எழுத 75 சதவீதம் வருகை வேண்டும் என்று விதி. ஆகவே எங்களுக்கு இந்தப் பிரச்சினை எல்லாம் இல்லை. அரசுப் பள்ளியிலும் மெசேஜ் கண்டிப்பு வந்தால் சரியாகிவிடும்.

நன்னிலம்_டீச்சர்

சார், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் இந்த வருஷம் காதுகுத்து, குலதெய்வக் கோவில், மச்சினர் கல்யாணம், மறுவீடு, வேளாங்கண்ணித் திருவிழா எதற்கும் பிள்ளைகள் லீவு போடவில்லையா?

மன்னை_மைனர்

போட்டார்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள், கிடாவெட்டுக்கு இரண்டு நாள். லெட்டர் கொடுத்தோம், "வெளியூர் செல்வதால்" என்று. பள்ளியில் ஒன்றும் சொல்லவில்லை.

நன்னிலம்_டீச்சர்

அதுதான் சார். அதே ஐந்து நாள் என் வகுப்புப் பையன் களத்தில் நின்றால் "பொறுப்பில்லாத பெற்றோர்". நீங்கள் போட்டால் "குடும்ப நிகழ்ச்சி". நடத்திய பாடம் இரண்டு பேருக்கும் போனது போனதுதான். உங்கள் பிள்ளைக்கு டியூஷனில் பிடித்துக்கொள்ளலாம், இவனுக்கு அதுவும் இல்லை.

மெசேஜ் பற்றியும் சொல்கிறேன். என் வகுப்பில் பல வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். நான் அனுப்பும் வாட்ஸ்அப் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறக்கப்படும். ஆகவே இந்தப் பருவத்தில் வேறு மாதிரி செய்கிறேன். வராத நாள் அன்று காலையில் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், காசு செலவில்லை. இடைவேளையில் நான் திருப்பிக் கூப்பிடுவேன். போன் இல்லாத வீட்டுக்கு அதே தெருப் பிள்ளை ஒருத்தி சொல்லிவிட்டு வருவாள். மிஸ்டு காலும் இல்லை, தெருப் பிள்ளைக்கும் தெரியவில்லை என்றால் உடனே ஹெச்.எம். போன் செய்கிறார். படுகைக்காரர் எழுதியதைப் படித்தபிறகு இந்தக் கடைசி வேலையைப் பத்து மணிக்கு மேல் தள்ளிப் போடுவதில்லை.

நான் பேசும்போது முதல் கேள்வியாக "ஏன் வரலை?" என்று கேட்பதில்லை. "நாளைக்கு வருவானா?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். அதற்குப் பதில் சொல்கிறபோதே காரணம் தானாக வந்துவிடுகிறது. "மூட்டை எடை போட்டாச்சுன்னா வந்துடுவான் டீச்சர்" என்று ஓர் அப்பா சொன்னார். கொள்முதல் நிலையம் பள்ளிக்குப் பக்கத்தில்தான். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அனுப்புங்கள், அரை நாளாவது இருக்கட்டும் என்றேன். அனுப்பினார்.

தோப்புத்துறையான்

வேதாரண்யத்திலிருந்து. நீங்கள் எல்லாரும் மாதம் இரண்டு நாள், மூன்று நாள் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குப் பயம் திரும்பி வராமலே போகிற பிள்ளைகளைப் பற்றி.

2018 நவம்பர் 16 கஜா அடித்ததும் தென்னந்தோப்பு, படகு, உப்பளம் எல்லாம் போயிற்று. அதற்கு அடுத்த மாதங்களில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போன குடும்பங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கடனுக்குப் பதிலாகப் பிள்ளையை ஆடு மேய்க்க விட்ட செய்திகளும் பேப்பரில் வந்தன. அறுவடை முடிந்த வயலில் கிடை போட வரும் கீதாரிகள் என்கிற ஆட்டுக்காரர்களோடு ஊர் ஊராகப் போய்விட்டால் பையன் எந்த மாவட்டத்தில் இருக்கிறான் என்றே தெரியாது. எல்லாக் கீதாரியும் அப்படி என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் குடும்பத்தோடு கஷ்டப்படுகிறவர்கள். ஆனால் தனியாக ஒரு பத்து வயசுப் பையன் கிடையில் நின்றால், யார் பிள்ளை, எந்த ஊர் என்று விசாரியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லிருந்தே இருக்கிறது.

பள்ளிக்கூடம் இங்கேதான் முக்கியம். ஒரு பிள்ளை காணாமல் போனதை முதலில் தெரிந்துகொள்கிற அரசாங்க ஆள் வகுப்பு டீச்சர்தான். அவர் காய்ச்சல் என்று நினைத்துவிட்டால் மூன்று வாரம் போய்விடும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

முழுக்கச் சரி. பள்ளி செல்லாப் பிள்ளை யார் என்பதற்கு மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்ன வரையறையில், காரணம் சொல்லாமல் 45 நாள் வராதவரும் அடக்கம். 45 நாள்! அதற்குள் பையன் இரண்டு மாவட்டம் தாண்டியிருப்பான்.

பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்து ஆள் இல்லாமல் போவது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2023 மார்ச்சில் பார்த்தோம். பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்குச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. மாநிலமே பதறியது. தேர்வு நாளில் தெரிந்த விஷயம் அந்தந்த வகுப்பறையில் ஒரு வருஷம் முன்பே தெரிந்திருக்கும்.

டீச்சர் வகுப்பு ஏழு என்பதால் இதையும் சொல்கிறேன். ஐந்தாவதிலிருந்து ஆறாவது போகிற இடத்தைக் கவனியுங்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி வைத்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் காலை உணவு வந்தது. உப்புமாவோ, கிச்சடியோ, பொங்கலோ, நடவுக்குப் போகிற அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய ஒத்தாசை. பிள்ளை கிளம்பிவிடும். ஆனால் அது ஐந்தாவதோடு சரி. நடுநிலைப் பள்ளி இல்லாத ஊரில் ஆறாவதுக்குப் பள்ளியும் தூரமாகிவிடும், டவுன் பஸ் ஒன்றுதான், காலையில் ஒரே நடை. சைக்கிள் பதினொன்றாவதில்தான் கிடைக்கும். சாப்பாடு, தூரம், பஸ் மூன்றும் ஒரே ஜூன் மாதத்தில் மாறுகின்றன. என் நோட்டில் "பஸ்" என்று அதிகம் எழுதினது ஆறாம் வகுப்புப் பெயர்களுக்குத்தான். பஸ் நேரத்தைக் கால் மணி மாற்றச் சொல்லி டெப்போவுக்குப் பெற்றோர் கையெழுத்தோடு மனு கொடுத்தோம். நடையாய் நடந்து, ஒரு வழியாக மாற்றினார்கள்.

கோரையாற்றுக்காரி

நன்னிலம் டீச்சர், ஒன்று கேட்கட்டுமா. அடுத்த நடவுக்கு என் பொண்ணை நான் நிறுத்தியே ஆக வேண்டிய நாள் வரும். அன்றைக்கு என்ன செய்வது? உங்கள் வகுப்பில் அவள் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நன்னிலம்_டீச்சர்

அக்கா, முந்தின நாளே சொல்லிவிடுங்கள். நேரில் முடியாவிட்டால் நம்பின ஒரு டீச்சருக்குப் போன் செய்யுங்கள். எத்தனை நாள் என்பதையும் சொல்லுங்கள், இரண்டு நாள் என்றால் இரண்டு நாள். மூன்றாவது நாள் அவள் வரவில்லை என்றால் நாங்கள் தேடலாம். சின்னவனை அவள் பார்த்துக்கொள்கிற நேரத்தில் எந்தப் பாடம் போகும் என்று கேட்டு வையுங்கள், தோழி நோட்டை வாங்கி எழுதட்டும்.

அப்புறம், உங்களோடு நடவுக்கு வருகிற ஐந்தாறு பேர் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் நிற்பதற்குப் பதில், வேலைக்கு வராத ஒரு பாட்டியிடம் எல்லாச் சிறுசுகளையும் விட்டு, ஆளுக்குக் கொஞ்சம் கூலி போட்டுக் கொடுக்க முடியாதா? எங்கள் ஊரில் ஒரு தெருவில் செய்கிறார்கள்.

கோரையாற்றுக்காரி

பாட்டி இருக்கிறாள். பேச்சுத்தான் தாங்காது. கேட்டுப் பார்க்கிறேன்.

பனியன்_கம்பெனி

அவசரமாக ஒரு சந்தேகம். சொந்த ஊர் முத்துப்பேட்டை பக்கம். பொங்கல் முடிந்து குடும்பத்தோடு திருப்பூர் வந்துவிட்டோம். பையன் நாலாவது. இங்கே அரசுப் பள்ளியில் கேட்டால் டிசி கொண்டுவாருங்கள் என்கிறார்கள். ஊரில் ஹெச்.எம். லீவில் இருக்கிறாராம். மூன்று வாரமாகப் பையன் வீட்டில் இருக்கிறான், அங்கே ஆப்சென்ட் விழுந்துகொண்டிருக்கும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

தம்பி, டிசி தாமதம் என்பதற்காகச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவு. எட்டாவது வரை இது பொருந்தும். பள்ளியில் பணிவாக அந்தப் பிரிவைச் சொல்லி, முதலில் வகுப்பில் உட்கார வையுங்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பள்ளியில் ஹெச்.எம். பொறுப்பில் யாராவது இருப்பார்கள். அவர்கள் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில், பையன் பெயரைக் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் திருப்பூர்ப் பள்ளி அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். அவன் எமிஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் நகரவில்லை என்றால் 14417, பள்ளிக் கல்வித் துறை உதவி எண்.

பனியன்_கம்பெனி

நன்றி ஐயா. நம்பர் பழைய ரேங்க் கார்டில் இருக்கிறது. நாளைக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.